பாதி வழியில் நின்ற எலக்ட்ரான்

1904இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் ஒரு சின்ன வில்லை புழக்கத்துக்கு வந்தது. பேரியம் பிளாட்டினோசயனைடு என்ற உப்பை அட்டையில் பூசி வட்டமாக வெட்டியது, அவ்வளவுதான். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். தலையில் படர்தாமரை வந்த குழந்தைகளுக்கு அப்போது எக்ஸ்ரே கதிர் காட்டி முடியை உதிர வைத்து வைத்தியம் செய்தார்கள். கதிர் குறைந்தால் முடி கொட்டாது, நோய் போகாது. கூடினால் தோல் வெந்துபோகும், முடி பிறகு முளைக்கவே முளைக்காது. எவ்வளவு கதிர் போனது என்று அளக்க யாரிடமும் நல்ல கருவி இல்லை. சாபூரோ, நுவாரே என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த வில்லையைக் கதிர்க்குழாய்க்கும் தலைக்கும் நடுவே, சரிபாதி தூரத்தில் வைத்தார்கள். கதிர் பட்டதும் வில்லை மெல்லப் பழுப்பாகும். கையில் இருக்கும் மாதிரி நிறத்தோடு ஒத்துப்போனதும் குழாயை அணைத்துவிட வேண்டியது.

வில்லையின் நிறம் ஏன் மாறியது? கதிர் அந்த உப்பைக் கெடுத்தது, அதனால். கெட்டுப்போன அளவுதான் அளவு. வெயிலில் வைத்தால் பழைய நிறம் திரும்ப வரும். அதனால் வில்லையைப் பகல் வெளிச்சம் படாமல் பார்க்க வேண்டும். இப்படி ஒரு பொருளை நம்பி ஆயிரக்கணக்கான குழந்தைகளின் தலையில் கதிர் விட்டிருக்கிறார்கள். இந்த வைத்தியம் அரை நூற்றாண்டுக்கு மேல் பல நாடுகளில் நடந்தது. அப்படிக் கதிர் வாங்கிய குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோயும் மூளைக் கட்டியும் கூடுதலாக வந்ததை ஆய்வுகள் காட்டின. "எவ்வளவு கதிர்?" என்பது அன்றைக்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. இன்றைக்கும்தான்.

அந்த உப்பு புதிசும் இல்லை. 1895 நவம்பர் 8 அன்று வூர்ஸ்பர்க்கில் ராண்ட்ஜன் கண்டது அதே பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை ஒளிர்வதைத்தான். எக்ஸ்ரேயின் முதல் சாட்சி ஒரு படிகப் பொடி. இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எக்ஸ்ரேயின் வரலாற்றை நாம் குழாயின் வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். எதிர்ப்பக்கம் நின்று கதிரை வாங்கிக்கொள்ளும் பொருளின் கதையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு அந்தப் பக்கம்தான் சுவாரசியமாக இருக்கிறது. ஏனென்றால் அது முழுக்க முழுக்கக் குறைகளின் கதை.

குறை என்றால் என்ன? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக இலை, ஒவ்வோர் இலைக்கும் ஓர் ஆள். படிகம் என்பது முப்பரிமாணப் பந்தி. ஓர் இலை மட்டும் ஆளில்லாமல் கிடந்தால் அது காலியிடம். ஒருத்தர் தன் இலையை விட்டு எழுந்துபோய் வேறு இருவருக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அது இன்னொரு வகை. கல்யாணத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர் வந்து உட்கார்ந்துவிட்டால் அது மாசு. இந்த மூன்றும் எல்லாப் பந்தியிலும் உண்டு. பூஜ்ஜியக் குறை உள்ள படிகம் சாதாரண வெப்பநிலையில் இருக்கவே முடியாது. வெப்பவியல் அதை விடாது.

இது தெரியாத காலத்திலேயே ராண்ட்ஜன் இதில் போய் மாட்டினார். 1900இல் அவர் மியூனிக்குக்கு மாறினார். அங்கே அவரிடம் படிக்க வந்தவர் அப்ராம் யோஃபே என்ற இளைஞர், பீட்டர்ஸ்பர்கில் பொறியியல் முடித்தவர். இருவரும் சேர்ந்து படிகங்களின் மின்கடத்தலையும், கதிர் பட்டால் அது எப்படி மாறுகிறது என்பதையும் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். சாதாரணக் கல் உப்புக் கட்டி. மின்சாரத்தைக் கடத்தாது. எக்ஸ்ரே காட்டினால் மஞ்சள் பழுப்பாக மாறும். அப்படி நிறம் மாறிய உப்பின்மேல் வெறும் வெளிச்சம் பட்டாலே மின்சாரம் பல மடங்கு கூடுதலாக ஓடியது. கதிர் எதையோ உப்புக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வெளிச்சம் அதை எடுத்துவிடுகிறது. முதல் கட்டுரை 1913இல் வந்தது, அடுத்தது 1921இல். நடுவில் ஒரு உலகப்போரும் ஒரு புரட்சியும். ராண்ட்ஜன் ஒவ்வொரு எண்ணையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிற ஆள். சீக்கிரம் அச்சுக்குக் கொடுக்க மாட்டார். 1923இல் அவர் இறந்தபோது, உயிலின்படி ஆய்வுக் குறிப்புகளை எரித்துவிட்டார்கள். அச்சானது மட்டும்தான் மிச்சம்.

யோஃபே ரஷ்யாவுக்குத் திரும்பி லெனின்கிராடில் பெரிய இயற்பியல் நிறுவனம் ஒன்றை உருவாக்கினார். அங்கே வேலை பார்த்த யாகோவ் ஃப்ரெங்கெல்தான் 1926இல், அணு தன் இலையை விட்டு எழுந்துபோய் இடுக்கில் உட்கார முடியும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர். அந்தக் குறைக்கு இன்றும் அவர் பெயர்தான். ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் ராபர்ட் போல் நிறம் மாறிய உப்புகளை விடாமல் ஆராய்ந்தார். அந்த நிறத்துக்குக் காரணம், குளோரின் எழுந்துபோன காலி இலையில் ஓர் எலக்ட்ரான் வந்து உட்கார்ந்திருப்பதுதான் என்று டி போயர் 1937இல் விளக்கினார். உப்பு ஏன் பழுப்பானது என்பதற்கு முப்பது வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது.

இதே காலத்தில் உலகம் பூராவும் மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது ஃபிலிம். அதுவும் படிகம்தான்: ஜெலட்டினில் தூவிய வெள்ளி புரோமைடு துகள்கள். இங்கே ஒரு கதை உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு தயாரிப்பு ஜெலட்டின் போட்டால் ஃபிலிம் அருமையாக வேலை செய்யும், இன்னொன்று போட்டால் மந்தம். இரண்டும் மாட்டுத் தோல், எலும்பிலிருந்து வந்ததுதான். கோடாக் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்ட் 1920களில் துருவிப் பார்த்துக் கண்டுபிடித்தார்: நல்ல ஜெலட்டினில் துளியூண்டு கந்தகச் சேர்மம் இருக்கிறது. மாடு மேய்ந்த கடுகுச் செடி வகையிலிருந்து வந்தது அது. அந்தக் கந்தகம் படிகத்தின்மேல் வெள்ளி சல்ஃபைடு புள்ளிகளாக ஒட்டிக்கொள்கிறது. வெளிச்சமோ எக்ஸ்ரேயோ கிளப்பிவிட்ட எலக்ட்ரானைப் பிடித்து வைப்பது அந்தப் புள்ளி. பிறகு இடுக்கில் அலையும் வெள்ளி அயனி, அதாவது ஃப்ரெங்கெல் சொன்ன அதே எழுந்துபோன ஆள், தேடி வந்து சேரும். இப்படிச் சில அணுக்கள் சேர்ந்தால் போதும், டெவலப்பர் அந்தத் துகளை முழுசாகக் கறுப்பாக்கிவிடும். குறை இல்லாத வெள்ளி புரோமைடில் படமே விழாது.

ஃபிலிமுக்கு எலக்ட்ரான் மாட்டிக்கொள்ள வேண்டும். மின்சாரமாக அளக்க நினைப்பவருக்கோ எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளவே கூடாது. ஒரே வெள்ளி உப்புக் குடும்பம், நேர் எதிரான இரண்டு தேவை.

இந்த இரண்டாவது தேவையைக் கணக்காக எழுதியவர் கார்ல் ஹெக்ட். 1932. எக்ஸ்ரே ஃபோட்டான் ஒன்று படிகத்துக்குள் விழுந்தால் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். ஒவ்வொன்றும் ஒரு துளையை விட்டுவிட்டுப் போகும். படிகத்தின் இரண்டு முகத்திலும் உலோகம் பூசி மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான் ஒரு பக்கமும் துளை மறுபக்கமும் நகரும். பலர் நினைப்பதுபோல, எலக்ட்ரான் போய்ச் சேர்ந்தால்தான் சிக்னல் என்று இல்லை. அது நகரும்போதே வெளிச் சுற்றில் மின்சாரம் தூண்டப்படுகிறது. டவுன் பஸ் டிக்கெட் மாதிரி, போன தூரத்துக்குத்தான் காசு. பாதி வழியில் ஒரு குறை அதைப் பிடித்து உட்கார வைத்துவிட்டால் பாதி சிக்னல்தான் கிடைக்கும்.

ஆக, முக்கியமான எண் ஒன்றுதான்: மாட்டிக்கொள்வதற்கு முன் சராசரியாக எவ்வளவு தூரம் போகிறது. எவ்வளவு வேகமாக நகரும், எவ்வளவு நேரம் மாட்டாமல் இருக்கும், எவ்வளவு மின்புலம் தள்ளுகிறது, இந்த மூன்றையும் பெருக்கினால் அந்தத் தூரம் வரும். அது படிகத்தின் தடிமனுக்குச் சமமாக இருந்தால், ஒரு முனையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் தர வேண்டிய சிக்னலில் 63 சதவீதம் கிடைக்கும். தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்றால் 10 சதவீதம். இதில் இன்னொரு தொல்லை: ஃபோட்டான் எந்த ஆழத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்தும் சிக்னல் மாறும். ஒரே ஆற்றல் கொண்ட இரண்டு ஃபோட்டான்கள் இரண்டு வெவ்வேறு எண்ணாகத் தெரியும். தடிமனைக் குறைக்கலாமே என்றால் எக்ஸ்ரே நிற்காமல் ஊடுருவிப் போய்விடும்.

1945இல் உட்ரெக்ட்டில் பீட்டர் வான் ஹீர்டன் சமர்ப்பித்த முனைவர் ஆய்வேடு இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு கருவியே செய்தது. வெள்ளி குளோரைடு படிகத்தைத் திரவக் காற்றின் குளிருக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு துகளையும் தனித்தனி மின் துடிப்பாக எண்ணினார். பக்கத்து நாடுகளெல்லாம் இடிபாடாகக் கிடந்த நேரத்தில் திடப்பொருளில் துகள் எண்ணும் துறை இப்படித் தொடங்கியது. ஆனால் கொஞ்ச நேரம் எண்ணியதும் படிகம் களைத்துப்போகும். மாட்டிக்கொண்ட மின்னூட்டங்கள் உள்ளேயே சேர்ந்து, கொடுத்த மின்புலத்துக்கு எதிராக ஒரு புலத்தை உண்டாக்கிவிடும். துடிப்பு சிறுத்துக்கொண்டே போகும்.

1947இல் பெல் ஆய்வுக்கூடத்தார் வைரத்தில் முயன்றார்கள். ஒரு வைரம் ஆல்ஃபா துகளை அழகாக எண்ணும். பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் இன்னொரு வைரம் வாயே திறக்காது. புற ஊதா ஒளியை ஊடுருவ விடும் வைரங்களே எண்ணுகின்றன என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. இதற்குச் சில வருஷம் முன்பே பெங்களூரில் ராமன் வைரங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எது நீலமாக ஒளிர்கிறது, எது ஒளிரவே இல்லை என்று பிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் மாணவராக இருந்த ஜி.என். ராமச்சந்திரன், பின்னால் சென்னையில் கொலாஜன் வடிவத்தைச் சொன்ன அதே ராமச்சந்திரன், 1944இல் எக்ஸ்ரேயைக் கொண்டே வைரத்துக்குள் இருக்கும் குறைகளின் வரைபடத்தைப் படமெடுத்து வெளியிட்டார். குறை எக்ஸ்ரேயைக் கெடுக்கிறது என்று ஒரு பக்கம் அலுத்துக்கொள்ள, எக்ஸ்ரேயே குறையைக் காட்டிக்கொடுத்த வேடிக்கை இது. வைரத்தில் இருந்த முக்கிய மாசு நைட்ரஜன் என்று உறுதியாக 1959 ஆனது.

பிரின்ஸ்டனில் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டரும் தாலியம் உப்புப் படிகங்களோடு இதே களைப்புப் பிரச்சினையில் மல்லுக்கட்டினார். பிறகு வேறு வழி பார்த்தார். 1948இல் சோடியம் அயோடைடு படிகத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் தாலியம் கலந்தார். அந்த மாசு, எலக்ட்ரானையும் துளையையும் தன்னிடம் வரவழைத்துச் சேர்த்து, ஒளியாக வெளியே அனுப்பும். எலக்ட்ரான் நீண்ட பயணம் போக வேண்டியதே இல்லை. பக்கத்தில் இருக்கும் பொறியில் விழுந்து மின்னினால் போதும். மருத்துவமனை காமா கேமராக்களில் இன்றைக்கும் இந்தப் படிகம் ஓடுகிறது. அருமையான தந்திரம்தான், ஆனால் விலை உண்டு. ஒளி நாலாபுறமும் சிதறும், படம் கொஞ்சம் மங்கும். ஒளியை மறுபடியும் மின்சாரமாக மாற்றும் இடத்திலும் இழப்பு.

நேரடியாக மின்சாரமாகவே வேண்டும் என்றவர்கள் சுத்தத்தின் பக்கம் போனார்கள். 1970களில் ஜெர்மானியத்தை ஒரு லட்சம் கோடி அணுவுக்கு ஒரு மாசுகூட இல்லாத அளவுக்குச் சுத்தம் செய்தார்கள். மனிதன் செய்த பொருள்களில் இதைவிடச் சுத்தமானது அனேகமாகக் கிடையாது. வேலை செய்யும்போது திரவ நைட்ரஜனில் குளிர வைக்க வேண்டும், கையளவு படிகமே சொத்தை விற்று வாங்கும் விலை. மார்பகப் பரிசோதனைக்கு இதை வைத்துப் பலகை செய்ய முடியாது. அங்கே உட்கார்ந்தது செலினியம். ஒழுங்கே இல்லாத, கண்ணாடி மாதிரியான செலினியப் பூச்சு. ஒருவகையில் முழுக்கக் குறையாலேயே ஆனது. எலக்ட்ரான் மாட்டிக்கொள்வதற்குள் இழுத்துவிட, ஒரு மைக்ரோமீட்டருக்கு 10 வோல்ட் கொடுப்பார்கள். 200 மைக்ரோமீட்டர் பூச்சுக்கு 2000 வோல்ட். அப்படியும் சில எலக்ட்ரான்கள் மாட்டிக்கொண்டு, முந்தைய படத்தின் சாயலை அடுத்த படத்தில் விட்டுவிடும். துறையில் இதற்குப் பேயுருவம் என்றே பெயர். முந்தைய நோயாளியின் உடம்பு அடுத்தவர் உடம்புக்குள் லேசாகத் தெரிவதை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இந்த இடத்தில்தான் பெரோவ்ஸ்கைட் வருகிறது. பெயர் பழசு. 1839இல் குஸ்டாவ் ரோஸ் யூரல் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்துக்கு, ரஷ்ய அதிகாரி லேவ் பெரோவ்ஸ்கியின் பெயரை வைத்தார். அதே பந்தி அமைப்பில் உட்காரும் எல்லாப் பொருளுக்கும் பின்னர் அந்தப் பெயர் தொற்றிக்கொண்டது. நமக்கு வேண்டியது ஈயமும் புரோமின் அல்லது அயோடினும் உள்ள வகை. கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் மோலர் 1958இல் சீசியம் ஈய உப்புகளுக்கு இந்த அமைப்பு இருப்பதையும், வெளிச்சம் பட்டால் அவை மின்சாரம் கடத்துவதையும் சொல்லிவிட்டார். 1978இல் டீட்டர் வெபர் சீசியத்துக்குப் பதில் மெத்தில் அம்மோனியத்தை உட்கார வைத்தார். அப்புறம் முப்பது வருஷம் பெரிய அரவம் இல்லை. 2009இல் ஜப்பானில் மியாசாகா குழு இதை வைத்துச் சூரிய மின்கலம் செய்த பிறகுதான் கூட்டம் கூடியது.

எக்ஸ்ரே ஆட்கள் ஏன் ஓடி வந்தார்கள் என்று புரிந்துகொள்வது சுலபம். ஈயத்தின் அணு எண் 82, செலினியத்துக்கு 34. கனமான அணு எக்ஸ்ரேயை நன்றாகப் பிடிக்கும். தயாரிப்போ கற்கண்டு வளர்ப்பது மாதிரி: உப்பைக் கரைத்து வைத்தால் கண்ணாடிக் குடுவையில் படிகம் வளர்கிறது. ஒரு வித்தியாசம், சில கரைப்பான்களில் சூடாக்கினால் கரைவதற்குப் பதில் படிகம் பிரிகிறது. இவ்வளவு அலட்சியமாக வளர்த்த படிகம் குறைகளால் நிறைந்திருக்க வேண்டும். நிறைந்தும் இருக்கிறது. ஆனாலும் எலக்ட்ரான்கள் மாட்டாமல் தூரம் போகின்றன. காரணம், இந்தப் பொருளில் எளிதாக உண்டாகும் காலியிடங்கள் பெரும்பாலும் ஆழமில்லாத பள்ளங்கள். எலக்ட்ரான் விழுந்தாலும் அறை வெப்பத்தின் உந்துதலிலேயே ஏறி வந்துவிடும். ஏறவே முடியாத கிணறுகள் குறைவு.

2016இல் ஜின்சோங் ஹுவாங் குழு மெத்தில் அம்மோனியம் ஈய புரோமைடு படிகத்தில் இதை எண்ணாகக் காட்டியது. கரைசலின் விகிதத்தை மாற்றி உள்குறைகளைக் குறைத்தார்கள்; மேற்பரப்புக் குறைகளைத் தனியாக அடைத்தார்கள். வேகத்தையும் மாட்டாத நேரத்தையும் பெருக்கி வரும் எண், ஒரு வோல்ட்டுக்கு 0.012 சதுர சென்டிமீட்டர். ஹெக்ட்டின் கணக்கில் போட்டுப் பாருங்கள்: சென்டிமீட்டருக்கு வெறும் 10 வோல்ட் கொடுத்தாலே 1.2 மில்லிமீட்டர் போகும். செலினியத்துக்குக் கொடுப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மின்புலம் இது. செலினியத்தைவிட நான்கு மடங்கு உணர்திறன் என்றும், நொடிக்கு 0.5 மைக்ரோகிரே கதிரையும் கண்டுகொண்டது என்றும் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு தென்கொரியாவில் சாம்சங் ஆய்வாளர்கள் 830 மைக்ரோமீட்டர் தடிமனில் பெரோவ்ஸ்கைட்டை அச்சடிப்பதுபோல் பூசிப் படம் எடுத்தார்கள்.

இதற்குப் பிறகு வந்த கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். உணர்திறன் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு எகிறுகின்றன. சிலதில், ஃபோட்டான் கிளப்பக்கூடிய மொத்த எலக்ட்ரான்களையும் சிந்தாமல் சேர்த்தால் வரும் எண்ணையே தாண்டிப் போகின்றன. நூற்றுக்கு நூற்றுப்பத்து மார்க்! எப்படி? இங்கேயும் குறைதான். ஒரு துளை பொறியில் மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் உட்கார்ந்தால், படிகம் மின்சமநிலைக்காக வெளியிலிருந்து எலக்ட்ரானை இழுக்கும். அது மறுமுனையில் இறங்கியதும் இன்னொன்று ஏறும். ஒரு துளையின் பெயரைச் சொல்லிப் பல எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. எண் பெரிதாகத் தெரியும். ஆனால் எக்ஸ்ரேயை அணைத்த பிறகும், மாட்டியது விடுபடும்வரை சிக்னல் வால் மாதிரி இழுத்துக்கொண்டே போகும். கூடவே இரைச்சலும் பெருகும். அசையும் இதயத்தைப் படமெடுக்கும் கருவிக்கு அந்த வால் ஆகாது. உணர்திறனை மட்டும் தலைப்பில் போட்டு, வால் எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லாமல் விடும் கட்டுரையை நான் நம்புவதில்லை. நோயாளிக்குப் போகும் கதிரைக் குறைப்பது சிக்னலின் உயரம் மட்டும் இல்லை. இரைச்சலுக்கு மேலே அது எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பதே.

இன்னொரு சிக்கல் பெரோவ்ஸ்கைட்டுக்கே உரியது. வைரத்தில் குறை இருந்த இடத்தில் இருக்கும். இங்கே குறை நடக்கும். புரோமின், அயோடின் காலியிடங்கள் மின்புலம் பட்டதும் மெல்ல ஊர ஆரம்பிக்கின்றன. பக்கத்து ஆள் காலி இலைக்கு நகர, அவர் இலை காலியாக, அப்படியே பந்தி முழுக்கக் காலியிடம் பயணம் போகும். அயனிகள் ஒரு முனையில் போய்க் குவிந்து, உட்ரெக்ட் படிகத்தைக் களைக்க வைத்த அதே எதிர்ப்புலத்தை உண்டாக்கும். உலோகப் பூச்சோடு வினைபுரிந்து அதை அரிக்கவும் செய்யும். எக்ஸ்ரே இல்லாத இருட்டிலும் மின்சாரம் ஓடும், அதுவும் நிலையாக இல்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். மெல்லிய சிக்னல் அந்த ஆட்டத்தில் காணாமல் போகும். மின்புலத்தைக் குறைத்தால் அயனி அடங்கும், ஆனால் எலக்ட்ரானும் தூரம் போகாது.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கனாட்சிடிஸ் குழு 2013இலிருந்து பழைய வழியில் போகிறது: மோலரின் சீசியம் ஈய புரோமைடு, உருக்கி வளர்த்த படிகம், சுத்தம் செய்வதில் பிடிவாதம். 2018இல் 69 தனிமங்களைத் தேடி, மொத்த மாசு மில்லியனில் 10 பங்குக்குக் கீழே என்று காட்டினார்கள். 2021இல் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரை 1.4 சதவீத நுணுக்கத்தில், அறை வெப்பநிலையில் பிரித்தார்கள். ஜெர்மானியத்தின் கூர்மை இன்னும் எட்டாத தூரம்தான். ஆனால் திரவ நைட்ரஜன் வேண்டாம்.

மருத்துவமனைப் பலகைக்கு இது போதுமா என்றால், அங்கே தேவை ஒற்றைப் படிகம் இல்லை. மார்பை மறைக்கும் அகலத்துக்கு ஒரே சீரான பரப்பு. பூசிய பரப்பில் துகளும் துகளும் சந்திக்கும் எல்லைகள் உண்டு. அயனிகள் விரும்பி ஊர்வது அந்த வழியாகத்தான். எல்லைகளை அடைக்க மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள், அயனி குறுக்கே தாண்ட முடியாத அடுக்கடுக்கான பெரோவ்ஸ்கைட் செய்கிறார்கள், ஈயம் வேண்டாமென்று பிஸ்மத், வெள்ளி என்று ஆள் மாற்றிப் பார்க்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் மின்னழுத்தம் கொடுத்ததும் யாரும் உடனே அளப்பதில்லை. எக்ஸ்ரேயைத் திறக்காமல், இருட்டு மின்னோட்டத்தின் கோடு படுக்கைவசமாகும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சில படிகங்களில் அந்தக் கோடு படுப்பதே இல்லை.